கொதியா நீரில் பிறந்த மின்னாற்றல்

(அறிவியற் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அடுப்பின்மேல் உலைநீர் காய்ந்துகொண்டிருக்கிறது. அடியிலிருந்து சிறுசிறு குமிழிகள் எழுந்து, மேற்பரப்பை எட்டுமுன்னரே உடைந்து மறைகின்றன. பானையின் வாயில் மெல்லிய ஆவி தோன்றிவிட்டது. எனினும் தாய் இன்னும் அரிசியை இடவில்லை. உலை கொதிக்கட்டும் என்று காத்திருக்கிறாள். அந்நிலையில் அப் பானைநீரின் சூடு ஏறத்தாழ 75 பாகை செல்சியசு இருக்கும்.

அரிசி இடுவதற்கும் போதாத அந்தச் சூட்டைக் கொண்டு ஓர் ஊருக்கு விளக்கேற்ற முடியுமா? நீர் இறைக்கும் எக்கிகளை ஓட்ட முடியுமா? வீடுகளுக்கு வேண்டும் மின்னாற்றலைப் பகலும் இரவும் இடையறாது தர முடியுமா? இதுவே இன்று எடுத்துக்கொள்ளப்பெற்ற வினா. பொறியியலாருட் பெரும்பாலார் நெடுங்காலம் இதற்கு ஒருவாறு சொல்லிவந்த விடை, 'முடிந்தாலும் கட்டாது' என்பதே. கட்டும் என்று 2006-ஆம் ஆண்டில் காட்டியது, பெரிய அரசொன்றின் ஆய்வுக்கூடமன்று. வட அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், பனிக்காட்டின் நடுவே கிடக்கும் ஒரு சிறிய வெந்நீரூற்றுத் தங்கலிடம்.

அலாசுகா என்பது அமெரிக்க ஒன்றிய நாடுகளுள் பரப்பால் மிகப் பெரியது. மக்களாலோ மிகச் சிறியவற்றுள் ஒன்று. அதன் நடுப்பகுதியில் உள்ள பேர்பேங்க்சு நகரிலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் சென்றால் சாலை முடிந்துபோகும். அம் முடிவிடத்தில் உள்ளது சேனா வெந்நீரூற்று. மாரியில் சுழிக்குக் கீழே 40 பாகை வரையிலும் குளிர் இறங்கும் நிலம் அது. வெளியே ஊற்றிய நீர் நின்றநிலையிற் கல்லாகும். அந்நிலத்தின் வயிற்றிலிருந்து வெந்நீர் தானே பொங்கி வருகிறது. 1905-ஆம் ஆண்டில் பொன் தேடி அந்நாட்டிற்கு வந்திருந்த சுவான் உடன்பிறந்தார் இருவர் அவ்வூற்றைத் தேடிக் கண்டனர். அவர்களுள் ஒருவருக்கு நெடுநாளாக மூட்டுவலி. வெந்நீரில் அமிழ்ந்து நோய் தணிக்கவே அவர்கள் காடுமேடெல்லாம் கடந்து சென்றனர். அன்று தொட்டு அங்கே குளிப்போர் வருகையும் தங்குவோர் குடில்களும் பெருகின.

1998-ஆம் ஆண்டில் பெர்னி கார்ல், கோனி கார்ல் என்னும் கணவனும் மனைவியும் அவ்விடத்தை விலைக்கு வாங்கினர். வாங்கியபின் அவர்களை வாட்டியது குளிரன்று. தீசல் எண்ணெயின் விலை. நாட்டின் மின்கம்பிகள் அவ்விடத்தை எட்டவில்லை. விளக்குக்கும் எக்கிக்கும் சமையற்கூடத்திற்கும் வேண்டிய மின்னாற்றல் முழுவதும், ஊர்தியில் ஏற்றிவந்த தீசலை எரித்தே ஆக்கப்பட்டது. ஒரு கிலோவாட்டு மணிக்கு 30 அமெரிக்கச் செண்டு செலவாயிற்று. எண்ணெய் விலை ஏற ஏற, காலடியில் வெந்நீர் சும்மா ஓட, அதனருகே நின்று எண்ணெய் எரிப்பது எத்துணைப் பேதைமை என்பது அவர்களுக்கு உறைத்தது. காவிரிக்கரையில் நின்றுகொண்டு குடிநீருக்குப் புட்டி வாங்குவதை ஒத்தது அது. (அந்தப் பேதைமை எந்த நாட்டுக்கும் தனியுரிமையன்று.)

அவ்வாறாயின் அவர்களுக்கு முன்னிருந்தோர் ஏன் அவ்வெந்நீரைப் பயன்கொள்ளவில்லை? இதற்கு விடை காண, நிலவெப்பத்தால் மின்னாற்றல் ஆக்கிய வரலாற்றின் தொடக்கத்திற்குச் செல்லவேண்டும். இத்தாலி நாட்டின் தசுக்கனிப் பகுதியில் இலார்தெரெல்லோ என்னும் ஊர் உண்டு. அங்கு நிலப்பிளவுகளிலிருந்து நீராவி சீறிக்கொண்டு வெளிவரும். 1904-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் பியரோ கினோரி கோந்தி என்னும் இளவரசர் அந்த ஆவியைக் கொண்டு ஒரு சிறு பொறியை இயக்கி ஐந்து மின்விளக்குகளை எரியச் செய்தார். உலகில் நிலவெப்பத்தால் எரிந்த முதல் விளக்குகள் அவையே. 1913-இல் அங்கு 250 கிலோவாட்டு நிலையம் அமைந்தது. பின்னர் நியூசிலாந்து, அமெரிக்காவின் கலிபோர்னியா, ஐசுலாந்து, பிலிப்பைன்சு முதலிய நாடுகளில் பெருநிலையங்கள் எழுந்தன. அவையெல்லாம் பெரும்பாலும் எரிமலை நாடுகள், அல்லது நிலத்தின் ஓடு மெலிந்த நாடுகள். நிலத்துள்ளிருந்து 150 பாகைக்கும் 300 பாகைக்கும் இடைப்பட்ட சூட்டில் வரும் ஆவியோ, ஆவியாகப் பொங்கும் நீரோ அவற்றிற்கு வாய்த்திருந்தது.

ஆவி சுழலியைச் சுழற்றும். சுழலி மின்னாக்கியைச் சுழற்றும். நிலவெப்ப மின்னாற்றல் என்றாலே நீராவிதான் என்னும் எண்ணம் இங்ஙனம் வேரூன்றியது. 100 பாகைக்குக் குறைந்த சூட்டில் நீர் திறந்த வெளியில் கொதிக்காது. கொதிக்காத நீர் ஆவியின் விசையைத் தராது. ஆகலின் அத்தகைய வெந்நீர் குளிக்கவும் குடில்களைச் சூடேற்றவும் மட்டுமே உதவும் என்று முடிவு கட்டினர். 'தரந்தாழ்ந்த வெப்பம்' என்று அதற்கு ஒரு பெயரும் இட்டனர். பெயரிட்டபின் அதைப் பற்றி எண்ணிப் பார்க்கும் வேலை பலருக்கு மிச்சமாயிற்று!

சேனாவின் ஊற்றுநீர் 74 பாகைச் சூடே உடையது.

ஈண்டு ஒன்றை நினைவுகூர வேண்டும். ஊசி போடுமுன் மருத்துவர் தோலில் எரிசாராயத்தைப் பஞ்சால் தடவுகிறார். உடனே அவ்விடம் சில்லென்கிறது. நொடிகளுக்குள் ஈரம் மறைந்துபோகிறது. உடம்பின் சூடு 37 பாகைதான். அந்தச் சிறு சூடே அந்த நீர்மத்தை விரைவில் ஆவியாக்கப் போதுமானதாயிருக்கிறது. அதே தோலில் தடவிய நீர் அத்துணை விரைவில் உலர்வதில்லை. எனவே சூடு போதுமா, போதாதா என்பது சூட்டை மட்டும் பொறுத்ததன்று. எதனை ஆவியாக்கப் போகிறோம் என்பதையும் பொறுத்தது. நீருக்குப் போதாத சூடு மற்றொன்றுக்கு மிகையாகலாம்.

வீட்டுக் குளிர்ப்பெட்டிகளிலும் ஊர்திகளின் குளிரூட்டிகளிலும் நெடுங்காலம் பயன்பட்டுவந்த ஆர்-134எ என்னும் நீர்மம், திறந்த வெளியழுத்தத்தில் சுழிக்குக் கீழே 26 பாகையிலேயே கொதித்துவிடும். அதனை ஒரு கலத்துள் அடைத்து, 74 பாகை வெந்நீர் ஓடும் குழாய்களின்மேல் படச்செய்தால் என்னாகும்? கொதித்துப் பொங்கி, வெளியழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 16 மடங்கு அழுத்தமுள்ள ஆவியாகும். வெந்நீர் கொதியாமலே, அதன் வெப்பத்தை வாங்கிக்கொண்ட இன்னொன்று கொதிக்கிறது! வெந்நீரும் அந் நீர்மமும் ஒன்றோடொன்று கலப்பதேயில்லை. இடையே நிற்கும் குழாயின் மெல்லிய சுவர் வழியாக வெப்பம் மட்டும் கைமாறுகிறது. இரண்டு நீர்மங்கள் தனித்தனிச் சுற்றுகளில் ஓடுவதால் இதனை இருநீர்மச் சுற்றுமுறை என்று சொல்லலாம்.

இனி அச்சுற்று ஓடும் வகையைக் காண்போம். ஆவியாக்கியில் பிறந்த ஆவி சுழலியின் இதழ்களின்மேல் பாய்ந்து, அதனை மணித்துளிக்கு 13,500 முறை சுழற்றுகிறது. சுழற்றிய களைப்பில் அதன் அழுத்தம் நான்கிலொரு பங்காகத் தாழ்கிறது. தாழ்ந்த ஆவி அடுத்த கலத்துள் புகுகிறது. அங்கே குழாய்களின் உள்ளே 4 பாகைத் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன்மேல் பட்ட ஆவி மீண்டும் நீர்மமாகிச் சொட்டுகிறது. ஓர் எக்கி அந் நீர்மத்தை அழுத்தி மறுபடியும் ஆவியாக்கிக்கு அனுப்புகிறது. ஒரு துளியும் வெளியே போவதில்லை. ஒரு பொறியும் எரிவதில்லை. ஆவியாக்கி, சுழலி, குளிர்கலம், எக்கி - இந் நான்கே உறுப்புகள். ஒவ்வொன்றின் பெயரும் அதன் தொழிலைத் தானே சொல்லிவிடுவதால் பொறியறியாதாரும் இதனை மனத்துள் ஓட்டிப் பார்க்கலாம்.

குளிர்ப்பெட்டி எப்படி வேலை செய்கிறது என்பதை அறிந்தோர் இந்நேரம் ஒன்றைக் கண்டுகொண்டிருப்பர். குளிர்ப்பெட்டியில் மின்னாற்றலை உள்ளே செலுத்துகிறோம், அமுக்கி சுழல்கிறது, வெப்பம் குளிர்ந்த இடத்திலிருந்து சூடான இடத்திற்குத் தள்ளப்படுகிறது. சேனாவில் நடப்பதோ அதன் மறுதலை. வெப்பம் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்திற்குத் தன்போக்கில் பாய்கிறது. வழியில் அமுக்கியை எதிர்ப்புறமாகச் சுழற்றுகிறது. மின்னாற்றல் வெளியே வருகிறது. தலைகீழாக ஓடும் குளிர்ப்பெட்டி என்று அதனைச் சொன்னால் அது வெறும் உவமையன்று, முழு உண்மை. கேரியர் என்னும் குளிர்பொறித் தொழிலகத்தை அந்நாளில் தன்னகத்தே கொண்டிருந்த யுனைட்டெடு தெக்னாலசீசு என்னும் நிறுவனமே சேனாவுக்குப் பொறி செய்து தந்தது. பெருங்கட்டடங்களைக் குளிரூட்டுவதற்காக ஆயிரக்கணக்கில் ஏற்கெனவே வார்த்துக்கொண்டிருந்த அமுக்கியையும் கலங்களையும் எடுத்து, அமுக்கியைச் சுழலியாகத் திருப்பி அமைத்தனர். புதிதாக ஒரு சுழலியை வகுத்து வார்த்திருந்தால் விலை பன்மடங்காகியிருக்கும். அந்தச் சூட்டுக்கு அந்த விலை ஒருநாளும் கட்டியிராது. சேனாவின் வெற்றியில் பாதி அறிவியலினது என்றால், மறுபாதி கடையில் கிடைக்கும் உறுப்பைக் கொண்டே வேலையை முடித்த சிக்கனத்தினது.

முதற்பொறி 2006-ஆம் ஆண்டுக் கோடையில் ஓடத் தொடங்கியது. அவ்வாண்டு முடிவதற்குள் இரண்டாவதும் ஓடியது. ஒவ்வொன்றும் 200 கிலோவாட்டு அளவினது. ஏறத்தாழ 20 இலக்கம் தாலர் செலவில் முடிந்த பணி அது. கிலோவாட்டு மணிக்கு 30 செண்டாயிருந்த செலவு 5 முதல் 7 செண்டாகக் குறைந்தது. அந்நாள் வரையில், வாணிக அளவில் மின்னாற்றல் தந்த நிலவெப்ப நீர்களுள் மிகக் குறைந்த சூடுடையது அதுவே.

இனி, பெருமை பேசுவோர் விட்டுவிடும் கணக்கையும் பார்த்துவிடுவோம். ஒரு பொறிக்கு நொடிதோறும் 33 இலிட்டர் வெந்நீர் வேண்டும். அது 74 பாகையில் உள்ளே நுழைந்து 54 பாகையில் வெளியேறுகிறது. அது விட்டுச்செல்லும் வெப்பத்தில் 8 விழுக்காடே மின்னாற்றலாக மாறுகிறது. மீதி 92 விழுக்காடும் தண்ணீரோடு போய்விடுகிறது. நிலக்கரி எரிக்கும் நல்ல நிலையம் 35 விழுக்காட்டுக்கு மேல் மாற்றும். அதனோடு ஒப்பிட்டால் சேனாவின் பொறி மிகவும் மட்டம் என்று தோன்றும். ஆனால் கார்னோ என்னும் பிரெஞ்சுப் பொறியாளர் 1824-ஆம் ஆண்டிலேயே ஓர் எல்லையை வகுத்துவிட்டார். சூடான பக்கத்திற்கும் குளிர்ந்த பக்கத்திற்கும் உள்ள வேறுபாடு எவ்வளவோ அவ்வளவே எந்தப் பொறியும் பெறமுடியும். 74 பாகைக்கும் 4 பாகைக்கும் இடையே நின்று ஓடும் பொறி, குறையே இல்லாத கற்பனைப் பொறியாயினும், 20 விழுக்காட்டை மிஞ்ச முடியாது. பெறத்தக்க 20-இல் 8 பெறுவது இழுக்கன்று. மேலும், விலைகொடுத்து வாங்கிய கரியில் 92 பங்கு வீணானால் அழவேண்டும். தானே பொங்கிவரும் வெந்நீரில் 92 பங்கு மிஞ்சினால் அதனைக் கொண்டு வீட்டைச் சூடேற்றலாம். சேனாவில் அவ்வாறே செய்கின்றனர். கட்டடங்களும், பனிநடுவில் கீரையும் தக்காளியும் விளையும் கண்ணாடிக்குடிலும் அந்த வெந்நீராற் சூடுபெறுகின்றன.

இக்கணக்கில் ஒளிந்துகிடக்கும் செய்தி ஒன்றுண்டு. அதுவே இச்சொற்பொழிவின் நடுநாடி. வெந்நீரைப் பற்றியே எல்லாரும் பேசுகின்றனர்; தண்ணீரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நொடிக்கு 33 இலிட்டர் வெந்நீர் வேண்டும் அதே பொறிக்கு, நொடிக்கு ஏறத்தாழ 100 இலிட்டர் தண்ணீர் வேண்டும். வெந்நீரைப் போல் மூன்று மடங்கு! அந்தத் தண்ணீர் 4 பாகையில் இருப்பதனால்தான் பொறி ஓடுகிறது. நிலையத்தினும் மேட்டில் அமைந்த கிணற்றிலிருந்து அது குழாய்வழித் தானே இறங்கி வருமாறு அமைத்தனர். எக்கி வைத்து இறைத்திருந்தால், ஆக்கிய மின்னாற்றலில் ஒரு பங்கை அதுவே விழுங்கியிருக்கும். மாரியில் வெளிக்காற்றே போதிய குளிர் தரும். எந்தக் குளிரை அம்மக்கள் தங்கள் துன்பம் என்று எண்ணியிருந்தனரோ, அக்குளிரே அவர்களுடைய முதலாயிற்று. நிலத்தடி வெப்பம் பாதிச் செல்வம். நிலத்தின்மேற் குளிர் மறுபாதி.

சேனாவே முதலா என்று கேட்பின், வாணிக வெற்றியில் முதல், எண்ணத்தில் முதலன்று. 1967-ஆம் ஆண்டிலேயே அந்நாளைய சோவியத்து நாட்டின் கிழக்குக் கோடியில், கம்சத்கா மூவலந்தீவில், பரத்துன்கா என்னுமிடத்தில் 81 பாகை வெந்நீரைக் கொண்டு 680 கிலோவாட்டு நிலையமொன்று இயங்கியது. நோவசிபிர்சுக்கு நகரத்து வெப்பவியல் அறிஞர்கள் வகுத்த பணி அது. ஒரு சிற்றூருக்கும் பண்ணைக்கும் மின்னாற்றல் தந்தபின், எஞ்சிய வெந்நீர் கண்ணாடிக்குடில்களின் மண்ணைச் சூடேற்றியது. அதே ஆண்டுகளில் இசுரேலில் தாபர், புரோனிக்கி என்னும் இருவர் நீரல்லாத நீர்மங்களின் ஆவியால் ஓடும் சிறு சுழலிகளைச் செய்தனர். புரோனிக்கியும் அவர் மனைவியும் 1965-இல் தொடங்கிய தொழிலகம் பின்னாளில் உலகெங்கும் இத்தகைய நிலையங்களை அமைத்தது. ஆயினும் பரத்துன்காவின் நிலையம் நீடிக்கவில்லை. எண்ணெய் மலிந்திருந்த காலத்தில் இத்தகைய நுண்முயற்சிகளைப் போற்றுவார் அருகினர். எண்ணெய் விலை ஏறும்போதெல்லாம் ஊற்றுகளை நினைப்பதும், இறங்கியவுடன் மறப்பதும் எல்லா அரசுகளுக்கும் வழக்கமாயின.

பரத்துன்காவில் சுற்றி ஓடிய நீர்மத்தைப் பற்றியும் ஒரு சொல். அது ஆர்-12 எனப்படும் பிரியான். அந்நாளில் அதனைத் தீங்கற்றது என்றே உலகம் நம்பியது. 1974-ஆம் ஆண்டில் மொலினா, உரோலண்டு என்னும் அறிஞர் இருவர், அவ்வகைப் பொருள்கள் வான்மேல் ஏறி ஓசோன் படலத்தை அரிக்கும் என்று காட்டினர். 1987-ஆம் ஆண்டு மாந்திரியல் உடன்படிக்கை அவற்றை விலக்கும் வழியைத் திறந்தது. அதற்கு மாற்றாக வந்ததே சேனாவில் ஓடும் ஆர்-134எ. அது ஓசோனை அரிப்பதில்லை. ஆனால் கசிந்து காற்றில் கலந்தால், அதே எடையுள்ள கரியமிலவளியைப் போல் நூறாண்டுக் கணக்கில் 1,430 மடங்கு வெப்பத்தைச் சிறைப்படுத்தும். ஆகலின் 2016-ஆம் ஆண்டு கிகாலி உடன்படிக்கை அதனையும் அதன் இனத்தையும் படிப்படியாகக் குறைக்கச் சொல்லிற்று. தூய மின்னாற்றல் என்று முழங்குவோர் இதனை மறைத்தல் கூடாது. புகையில்லை, சாம்பலில்லை, கரியில்லை என்பன உண்மை. கலத்தின் மூட்டு ஒன்று விட்டுப்போனால் அத்தூய்மையில் கறை படியும் என்பதும் உண்மை. ஐசோபெந்தேன் போன்ற நீர்மங்கள் இக்குறை அற்றவை. அவையோ தீப்பற்றும். ஒன்றை விட்டு ஒன்றைக் கொள்ளுங்கால் எதனைக் காக்கவேண்டும் என்று தேர்ந்தே கொள்ளவேண்டும்.

வெந்நீரையும் கண்டபடி இறைக்கலாகாது. எடுத்த நீரை நிலத்துள் மீண்டும் செலுத்தாவிடின் ஊற்றின் அழுத்தம் தளரும். ஊற்றுக்கு மிக அணித்தே செலுத்தினாலோ, குளிர்ந்த நீர் விரைந்து திரும்பிவந்து கிணற்றையே ஆற்றிவிடும். எங்கே எடுப்பது, எங்கே விடுவது என்பதை அறிய நிலத்தடிப் பாறைகளின் பிளவுகளைப் படித்தாக வேண்டும். பொறியைக் கடையில் வாங்கலாம், இவ்வறிவை வாங்கமுடியாது.

இவ்விடத்தில் ஒரு வேடிக்கையையும் சொல்லாமல் விடலாகாது. சேனாவில் பனிக்கட்டியாலேயே ஒரு மாளிகை கட்டினர். முதல் மாளிகை 2004-ஆம் ஆண்டுக் கோடையில் உருகி ஓடிப்போயிற்று. கண்டோர் நகைத்தனர். கார்ல் மீண்டும் கட்டினார். இம்முறை, வெப்பத்தை ஊட்டினால் குளிரைத் தரும் உறிஞ்சுமுறைக் குளிர்பொறி ஒன்றை 2005-இல் அமைத்து, அதற்கு அதே ஊற்றின் வெந்நீரைச் செலுத்தினார். மாளிகை கோடையிலும் கரையாது நின்றது. வெந்நீரால் பனிக்கட்டியைக் காத்த கதை, கேட்பதற்குப் பொய்போலத் தோன்றும்; பொறியோ இன்றும் பாடநூலில் உள்ள பழைய பொறிதான்.

குளிரே மறுபாதிச் செல்வம் என்றதற்கு மறுதலைச் சான்று ஆசுத்திரேலியாவில் உண்டு. குயின்சுலாந்தின் பாலை நடுவே பேர்ட்சுவில் என்னும் சிற்றூர். அங்கே ஆழ்துளையிலிருந்து 98 பாகை வெந்நீர் தானே பீறிட்டு வரும். சேனாவினும் 24 பாகை மிகுந்த சூடு! அங்கும் இருநீர்மச் சுற்று நிலையமொன்று நெடுநாள் ஓடியது. அது தந்ததோ 80 கிலோவாட்டே. கோடைக்காற்று 40 பாகையைத் தாண்டும் அந்நிலத்தில் ஆவியை மீண்டும் நீர்மமாக்குவது எளிதன்று. ஊரின் பெரும்பங்குத் தேவைக்குத் தீசலே துணைநின்றது. 2018-ஆம் ஆண்டில் அந்நிலையம் நிறுத்தப்பட்டது.

அப்படியாயின் வெப்பநாடுகளின் நிலை யாது? தமிழீழத்துத் திருகோணமலைக்கு அணித்தே கன்னியாய் வெந்நீர்க் கிணறுகள் ஏழு உள்ளனவே, அவற்றில் மின்னாற்றல் எடுக்கலாகாதா என்று இளைஞர் கேட்பது இயல்பு. எடுக்கலாகாது. அவை உடம்பு பொறுக்கும் சூடே உடையவை. நீரை 42 பாகை என்றும் சுற்றுப்புறத்தை 28 பாகை என்றும் கொண்டால், கார்னோவின் எல்லையே 4 விழுக்காட்டைச் சற்றே தாண்டும். எக்கியை ஓட்டவே அது போதாது. அவற்றின் பெருமை வேறு. மாறாக, இந்தியாவின் வடகோடியில், இலடாக்கின் பூகாப் பள்ளத்தாக்கில், கடல்மட்டத்திற்கு மேல் 4,000 மீட்டருக்கும் உயர்ந்த குளிர்நிலத்தில் வெந்நீரூற்றுகள் கொதிக்கின்றன. வெப்பமும் உண்டு, குளிரும் உண்டு. தீசலை மலையேற்றிச் செல்லும் துன்பமும் உண்டு. சேனாவுக்கு அதனை ஒத்த நிலம் இந்நாட்டில் வேறில்லை. அங்கே நிலையம் அமைக்க 2021-ஆம் ஆண்டு பிப்பிரவரியில் இந்திய எண்ணெய், இயற்கைவளி ஆணையம் உடன்படிக்கை செய்துகொண்டது. அவ்வூற்றுகளின் வெப்பத்தை நிலவியலார் 1970-களிலேயே துளையிட்டு அளந்திருந்தனர். இடைப்பட்ட அரை நூற்றாண்டு எங்கே போயிற்று என்பதைக் கேட்கவேண்டியவர்கள் கேட்கவில்லை.

தமிழ்நாட்டுக்கும் இந்நெறி முற்றும் புதியதன்று. நிலத்தடியில் இல்லாத குளிர் நம் கடலடியில் உண்டு. கடலின் மேல்நீர் 28 பாகையில் வெதுவெதுப்பாயிருக்க, ஆயிரம் மீட்டர் ஆழத்து நீர் 7 பாகை அளவில் குளிர்ந்து கிடக்கிறது. அவ் வேறுபாட்டில் அம்மோனியாவைக் கொதிக்கவைத்துச் சுழலியை ஓட்டலாம். சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் தூத்துக்குடிக்கு அப்பால் ஆழ்கடலில் ஒரு மிதவையின்மேல் 1,000 கிலோவாட்டு நிலையம் அமைக்க முயன்றது. பொறியெல்லாம் அணியமாயிருந்தன. அடிநீரை மேலேற்றும் குழாய், ஒரு மீட்டர் அகலமும் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமும் உடையது, இறக்கும்போது கடலுக்குள் போயிற்று. மீண்டும் முயன்றபோதும் கைகூடவில்லை. 2003-ஆம் ஆண்டளவில் முயற்சி நின்றது. அங்கும் தடுத்தது வெப்பமன்று. குளிரை மேலே கொண்டுவர முடியாமை.

அம்முயற்சியில் கற்றவை கடலோடு போகவில்லை. அதே நிறுவனத்தார் 2005-ஆம் ஆண்டில் இலக்கத்தீவுகளின் கவரத்தியில், அத்துணை ஆழம் செல்லாமல், 350 மீட்டர் ஆழத்தளவிலிருந்து குளிர்நீரை எடுத்தனர். மின்னாற்றல் ஆக்க அவ்வேறுபாடு போதாது. ஆனால் காற்றை அகற்றி அழுத்தம் குறைத்த கலத்துள் வெதுவெதுப்பான கடல்மேல்நீர் அடுப்பின்றியே ஆவியாகும். அவ்வாவி அடிநீரின் குளிர் பட்டு உப்பற்ற நன்னீராகச் சொட்டும். நாளொன்றுக்கு ஓர் இலக்கம் இலிட்டர் குடிநீர் அத்தீவு மக்களுக்கு அவ்வாறு கிடைத்தது. தூத்துக்குடிக் கடலில் குழாயை இழந்த அதே மிதவையும் 2007-ஆம் ஆண்டில் சென்னைக்கு அப்பால் நிறுத்தப்பட்டு, நாளொன்றுக்குப் பத்து இலக்கம் இலிட்டர் நன்னீர் ஆக்கிக் காட்டியது.